குடுவையில் ஆறிய புண்

என்னை அந்த வார்டுக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மட்டும்தான் தமிழ் வரும் என்பது. அதுவும் என்ன தமிழ்! மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் வீட்டுக்குள் பேசிக்கொண்ட தமிழ். நான் படித்தது, தோழிகளோடு சண்டை போட்டது எல்லாம் கன்னடத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பிடித்து உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் வாசிக்கவும் தெரியும். வேலைக்கு விண்ணப்பித்தபோது கடைசி வரியில் 'தமிழ் தெரியும்' என்று எழுதிவைத்தேன். அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

மைசூரில் ஒரு பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடம் எங்களுடையது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண் ஏன் ஆற மறுக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. தோலில் வெட்டுப் பட்டால், தோலுக்கடியில் இருக்கும் ஒருவகைச் செல்கள் அந்த இடத்துக்கு ஊர்ந்து போய், நார் நாராக இழை பின்னி, பள்ளத்தை நிரப்பும். நம் எல்லோருக்கும் அது தானாக நடக்கிறது, நாம் கவனிப்பதுகூட இல்லை. சர்க்கரை முற்றியவர்களுக்கு அந்தச் செல்கள் பாதி வழியில் களைத்து நின்றுவிடுகின்றன. மருத்துவர்கள் புண்ணைச் சுத்தம் செய்யும்போது ஓரத்தில் கொஞ்சம் சதையை வெட்டி எடுப்பார்கள். அதை நாங்கள் வாங்கிவந்து, செல்களைப் பிரித்து, பிளாஸ்டிக் குடுவைகளில் வளர்த்து, வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் போட்டு என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

என் பேராசிரியர் நல்ல விஞ்ஞானி. இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னவளாகிவிடுவேன். காலை எட்டு மணிக்கு எங்களுக்கு முன்னால் வந்து குடுவைகளைப் பார்ப்பவர். அவருடைய அப்பாவும் சர்க்கரையில் கால் இழந்தவர். அவர் ஒரு போக்கிரியாக இருந்திருந்தால் என் கோபத்துக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஜூன் மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஹனூர்ப் பக்கத்துல இருந்து ஒரு பேஷன்ட். தமிழ்தான் பேசறாங்க. நீ போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வா. ஆபரேஷன் தியேட்டர்ல காத்துக்கிட்டிருக்காங்க, அஞ்சு நிமிஷம்தான்," என்றார். கன்னடத்தில்தான் சொன்னார். கையில் ஒப்புதல் படிவத்தைத் திணித்தார். பதினொரு பக்கம். ஆங்கிலத்தில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று.

அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்ட்ரெச்சரில் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துகொண்டு, வார்டுப் பெண்ணிடம் தன் செருப்பு எங்கே என்று அதட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஹனூருக்கு அந்தப் பக்கம், மாநில எல்லையோரம் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள். மல்பெரி வெட்டின பிறகு நிலத்தில் நிற்கும் அடித்தண்டு அக்காவின் வலது பாதத்தில் குத்தியிருக்கிறது. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. கொட்டகைத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து, யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று தேடியிருக்கிறார். மூன்று மாதமாக அந்தப் புண் மூடவில்லை.

நான் சொன்ன வாக்கியங்கள் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கின்றன. மறக்க முயன்றேன், முடியவில்லை.

"அக்கா, உங்க கால்ல இருந்து ஸ்வல்ப சதை எடுப்பாங்க. அதை எங்க லேப்ல வளப்போம். புண்ணு ஏன் ஆறல்லன்னு பாத்து, ஆறறதுக்கு வழி பண்ணணும். அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து."

"வளப்பீங்களா? சதையவா?"

"ஆமா அக்கா. அதுல இருக்கற செல்லு. வளத்து, மருந்து போட்டுப் பாப்போம்."

அவர் படிவத்தைப் புரட்டினார். சின்ன வயதில் இரண்டு வருடம் கன்னடப் பள்ளிக்குப் போனதில் எழுத்துக்கூட்டத் தெரியும், அதற்குமேல் இல்லை. முதல் பக்கத்தில் இரண்டு வரியை உதட்டால் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பினார்.

"இதுல என்ன எழுதியிருக்குது அம்மிணி?"

"நான் சொன்னதுதான் அக்கா."

"அப்பச் சரி. சீக்கிரமா வளத்துங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் சிரித்தேன். அது ஒரு நகைச்சுவை என்று நினைத்தேன்.

ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இந்த ஆராய்ச்சியால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பயனும் கிடைக்காது என்று. அதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஏழாவது பக்கம் வரை போகவில்லை, அவ்வளவுதான். 'அவ்வளவுதான்' என்ற சொல்லை எழுதும்போது இப்போதும் என் கை கூசுகிறது.

அவருடைய சதைக்கு நாங்கள் கொடுத்த அடையாளம் பி-17. அதற்கு முன் வந்த பதினாறு பேரின் செல்களோடு நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. சில முளைக்கவே இல்லை. சில ஒரு வாரம் வளர்ந்து நின்றுவிட்டன. நான்கைந்து பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. பி-17 மட்டும் நான்காம் நாளே குடுவையின் தரையைப் பிடித்துக்கொண்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மீன் குஞ்சுகள் ஒரே திசையில் நீந்துகிற மாதிரி நீள நீளமாக வரிசை கட்டியிருக்கும். நான் அதைப் பார்க்கவே காலையில் சீக்கிரம் வர ஆரம்பித்தேன்.

பிறகு கீறல் சோதனை செய்தோம். குடுவைத் தரை முழுவதும் செல்கள் நிரம்பிய பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவில் ஒரு கோடு இழுப்போம். அது நாங்கள் போடும் செயற்கைப் புண். அந்தக் கோட்டைச் செல்கள் எவ்வளவு நேரத்தில் மூடுகின்றன என்று மணிக்கு ஒரு படம் எடுத்துப் பார்ப்போம். புரதம் போட்ட பி-17 ஒரே நாளில் கோட்டை மூடிவிட்டது. காலையில் இழுத்த கோடு எங்கே என்று மறுநாள் காலையில் தேட வேண்டியிருந்தது. பேராசிரியர் என் தோளில் தட்டி, "இதுதாம்மா நாம தேடினது!" என்றார். எல்லோருக்கும் மைசூர்பாகு வந்தது. நானும் தின்றேன்.

அக்கா வாரம் ஒருமுறை புண்ணுக்குக் கட்டு மாற்ற ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாகப் பேருந்து மாறி வந்துகொண்டிருந்தார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, யாரையோ விசாரித்துக்கொண்டு எங்கள் ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி வெளியில் விட்டிருந்தார். புழுக் கொட்டகைக்குள் போகும் பழக்கம்.

"ஏனம்மிணி, வளந்துருச்சா?"

"சூப்பரா வளந்திருக்கு அக்கா! வாங்க காட்டறேன்."

வெளியாட்களை உள்ளே விடக்கூடாது. ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஷூ உறையும் கோட்டும் மாட்டிக் கூட்டிப்போய், ஒரு குடுவையை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னுதுங்களா?"

"உங்களுதுதான்."

"உசுரோட இருக்குதா?"

"உசுரோடதான் அக்கா. தினம் தீனி மாத்தறோம்."

"நோவு கீவு விழுந்துராம பாத்துக்கோணும். எங்க புழுவுக்கும் அப்படித்தான். ஒரு தட்டுல புழு வெளுத்து வெறைச்சுப்போற சுண்ணாம்புக்கட்டு நோவு வந்துருச்சுன்னா கொட்டாயே போயிரும்." சொல்லிக்கொண்டே அந்தக் குடுவையின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "எப்ப என்ற கால்ல வெச்சுத் தைப்பாங்க?"

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, இதை உங்கள் காலில் வைக்க மாட்டார்கள், இது அதற்கு இல்லை என்று. நாலு வார்த்தை. அவருடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சாரைக் கேட்டுச் சொல்றேன் அக்கா," என்றேன். சாரைக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் அவர் வந்தபோது நான் சோதனையில் இருப்பதாகச் சொல்லியனுப்பினேன். அதற்கடுத்த வாரமும். அதன் பிறகு அவர் வருவது நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த 'அப்பாடா'வுக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் மதியம், அவரைக் கவனித்துக்கொண்டிருந்த அறுவைசிகிச்சை மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் வயதுதான் அவருக்கும்.

"உங்க லேப்ல தோல் வளத்துக் கால்ல வெச்சுத் தைக்கிற டிரயல் ஏதாவது நடக்குதா?"

"இல்லையே, ஏன்?"

"ஹனூர் அம்மாவுக்குப் பெருவிரலை எடுத்துடணும்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கேன். எலும்புக்கு இன்ஃபெக்ஷன் போயிடுச்சு. 'என் தோல் லேப்ல வளந்துட்டிருக்கு, என் கண்ணால பாத்தேன், அது வந்து வெக்கிற வரைக்கும் விரலை எடுக்க விடமாட்டேன்'னு சொல்லிட்டுப் போனாங்க. மூணு வாரமா டிரெஸ்ஸிங்குக்கும் வரல்ல. யார் அவங்களுக்கு இதைச் சொன்னது?"

நான் என்று சொன்னேன்.

நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவர் ஒரு மாநாட்டுக்குப் படங்கள் தயார் செய்துகொண்டிருந்தார். திரையில் பி-17இன் கீறல். முதல் படத்தில் அகலமான வெள்ளைக் கோடு, கடைசிப் படத்தில் ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படிவத்துல தெளிவா இருக்கேம்மா. ஏழாம் பக்கம்."

"அவங்க அதைப் படிக்கல்ல சார்."

"படிச்சுச் சொல்லத்தானே உன்னை அனுப்பினேன்?"

"அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க."

"நான் அஞ்சு நிமிஷம்னு சொன்னா, நீ பத்து நிமிஷம் வேணும்னு சொல்லியிருக்கணும்." அதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதில் நியாயம் இல்லை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. டாக்டர் கூப்பிட்டு விளக்கட்டும். நீ போய் ஏதாவது சொல்லி, அவங்க கோபத்துல சாம்பிளைத் திரும்பக் கேட்டுட்டாங்கன்னா? பி-17 மாதிரி இன்னொண்ணு நமக்குக் கிடைக்காது. பேப்பர் போற வரைக்கும் ரெண்டு மாசம் பொறுத்துக்கோ."

இரண்டு மாதம். திரையில் இருந்த கோடு ஒரே நாளில் மூடியது. அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரி அழுகும் விரலோடு எங்கோ புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. மேசைமேல் இருந்த அவருடைய காபி டம்ளரை நகர்த்தி வைத்தேன். தட்டிவிட்டுவிடுவேனோ என்று பயம்.

"நாளைக்கு எனக்கு லீவு வேணும் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஹனூர்ப் பேருந்தில் ஏறினேன். மருத்துவர் ஊர்ப்பெயரைக் கொடுத்திருந்தார். பேருந்து நிலையத்திலிருந்து ஒரு டிராக்டர்க்காரர் தோட்டம் வரை ஏற்றிப்போய் விட்டார். கொட்டகைக்குள் மழை பெய்வது மாதிரி சத்தம். ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் சத்தம் அது. கடைசிப் பருவம், இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்டும், ஒரு வேளைத் தழை தவறினாலும் போச்சு. அதனால்தான் மருத்துவமனைக்கு வரவில்லை. வலதுகாலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அக்கா தட்டுகளுக்கிடையில் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, லேப்பு அம்மிணி! கொண்டாந்துட்டீங்களா?"

என் கையில் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

வெளியில் கல்மேல் உட்காரவைத்துச் சொன்னேன். வளர்ப்பது ஆராய்ச்சிக்கு. உங்கள் காலில் வைக்க அல்ல. அப்படி வைக்கும் வேலை எங்கள் இடத்தில் இல்லவே இல்லை. விரலை உடனே எடுக்க வேண்டும். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

அவர் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு என்னக் கூட்டிப்போய்க் காட்டினீங்களே, எதுக்கு?"

"சந்தோஷத்துல காட்டினேன் அக்கா."

"ஆருக்குச் சந்தோசம்?"

நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"என்ற சதைய எடுத்து, தீனி போட்டு, பாத்துப் பாத்து வளத்துனீங்க. என்ற கால ஆரு பாத்தா? மூணு வாரமா உங்க வாசல்ல வந்து நின்னனே, ஒரு வார்த்த சொல்ல வாயில்லியா உங்களுக்கு? நான் படிக்காதவதான், கேக்கத் தெரியாதவளா? நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே விரல எடுத்துட்டுப் போயிருப்பனே!"

அவருடைய வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். "விடு, வூட்டுக்கு வந்தவங்க," என்றார்.

"வூட்டுக்கு வந்தவங்களா? இவிய என்ற கால்ல வந்து ஒக்காந்துக்கிட்டாங்க!" என்று கத்தினார் அக்கா. கத்திவிட்டு எழுந்து, அந்த பிளாஸ்டிக் பைக் காலோடு உள்ளே போய், கடைசி இரண்டு வரிசைக்கும் தழை போட்டு முடித்துவிட்டுத்தான் வந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் புழுவை ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையே வாடகை ஜீப்பில் மைசூருக்குக் கிளம்பினோம்.

விரலோடு நிற்கவில்லை. முன்பாதத்தில் பாதியை எடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே செய்திருந்தால் விரலோடு போயிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். "இருக்கலாம். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது," என்றார். அந்த 'இருக்கலாம்' என்னோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது.

மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். நான் செய்ததையும் எழுதினேன், பேராசிரியர் சொன்ன இரண்டு மாதத்தையும் எழுதினேன். சக ஊழியர்கள் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்தினார்கள். ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "உனக்குக் குற்ற உணர்ச்சின்னா நீ வேலையை விட்டுப் போ. புராஜெக்ட்டை ஏன் கெடுக்கற?"

குழு கூடியது. நீள மேசை, ஏழெட்டுப் பேர், பிஸ்கட் தட்டு. பேராசிரியர் அமைதியாகப் பேசினார். மொழிபெயர்ப்பில் ஒரு சிறு இடைவெளி ஏற்பட்டுவிட்டது என்றார். இடைவெளி! ஒரு பெண்ணின் பாதி பாதம் அளவுக்கு அந்த இடைவெளி. நான் அதையே சொன்னேன். தலைவர் என்னை உணர்ச்சிவசப்படாமல் பேசச் சொன்னார். உணர்ச்சிவசப்படாமல் எப்படிப் பேசுவது என்று அவரையே கேட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்க வேண்டும். பேராசிரியருக்கு அறிவுரைக் கடிதம். இனிமேல் நோயாளிக்குப் புரியும் மொழியில் படிவம் இருக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். செல்களை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பதை நோயாளியிடமே கேட்பது. ஏற்கெனவே எடுத்த சோதனை முடிவுகள் ஆராய்ச்சியிலேயே இருக்கும்.

அதைக் கேட்கக் கூப்பிட்ட நாளில் அக்கா ஊன்றுகோலோடு ஆய்வகத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் பின்னால். இந்த முறையும் மொழிபெயர்க்க என்னைவிட்டால் ஆளில்லை. பேராசிரியர் எழுந்து நின்று கைகூப்பினார். அவருடைய குரல் கரகரத்தது, அது நடிப்பில்லை.

"நடந்ததுக்கு மன்னிச்சிடுங்கன்னு சொல்லும்மா. ஆனா அவங்க செல்கள் ரொம்ப அபூர்வமானது. அதை வெச்சு நாளைக்கு ஆயிரக்கணக்கானவங்க கால் பிழைக்கலாம். எங்கப்பா கால் மாதிரி. தயவுசெஞ்சு அழிக்கச் சொல்லாதீங்கன்னு சொல்லு."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். இடையில் நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன்.

அக்கா அவரையே பார்த்தபடி என்னிடம் சொன்னார். "ஆயிரம் பேருக்கு ஆவுமுன்னு இன்னைக்குச் சொல்றாரே, அன்னைக்கு ஏனுங்க சொல்லல? 'உனக்கு ஒண்ணும் ஆவாது, ஊருக்கு ஆவும், குடு'ன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பனே. நானு என்ன கஞ்சப்பிசினாறியா? ஒரு வார்த்த கேட்டு, நானு குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் தலைகுனிந்தார்.

"இப்பக் குடுக்க மாட்டேன். அழிச்சுருங்க. என்ற கண்ணு முன்னால."

அந்த வேலையும் எனக்கு வந்தது. செல்களை உறையவைத்திருந்த திரவ நைட்ரஜன் தொட்டியிலிருந்து பி-17 என்று எழுதிய குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வெளிக்காற்றில் அவை வெள்ளைப் புகை விட்டன. செல்கள் வளரும் சூட்டுப்பெட்டியில் இருந்த நாலு குடுவைகளையும் எடுத்துவைத்தேன். கடைசியாக ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமா என்று எனக்கு ஆசை வந்தது. அந்த ஆசைமேலும் கோபம் வந்தது. பார்க்காமலே ஒவ்வொன்றிலும் பிளீச் கரைசலை ஊற்றினேன். இளஞ்சிவப்பாக இருந்த திரவம் நிறமிழந்து வெளுத்தது.

"கொட்டாய் கழுவற மருந்துதான?" என்று அக்கா மூக்கைச் சுளித்துக் கேட்டார்.

"அதேதான் அக்கா."

"செத்துருச்சா?"

"செத்துருச்சு."

அவர் ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். நான் அங்கேயே நின்றேன். மூன்று மாதம் நான் சாப்பிட்டேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பார்த்து வளர்த்தவை அவை. நல்ல ஆராய்ச்சி ஒன்று என் கண்ணெதிரே கழுவுதொட்டிக்குள் போனது. அதை அழித்தது அக்காவின் கோபம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ஒரு பத்து நிமிடம், ஒரு நேரான வாக்கியம், அதைக் கொடுத்திருந்தால் அந்தச் செல்கள் இன்றைக்கும் உயிரோடு இருந்திருக்கும், அந்தப் பாதமும் முழுசாக இருந்திருக்கலாம். நாங்கள் மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடம்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. பி-17இன் கீறல் இரண்டாவது படமாக இருக்கிறது. கடைசியில், பங்கேற்ற நோயாளிகளுக்கு நன்றி என்று ஒரு வரி. அதைப் படித்த அன்று லேப்டாப்பை மூடிவிட்டு குக்கரஹள்ளி ஏரியை மூன்று சுற்று நடந்தேன். கோபம் இறங்கவில்லை.

நான் வேலையை விடுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்தேன். தமிழ்ப் படிவத்தை நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் 'திசு' என்று எழுதிய இடத்தில் எல்லாம் அவர் அடித்துவிட்டு 'சதை' என்று எழுதினார். பதினொரு பக்கத்தை ஒரே பக்கமாக்கினோம். முதல் வரி: 'இதனால் உங்கள் புண் ஆறாது.' இப்படி ஆரம்பித்தால் எவன் கையெழுத்துப் போடுவான் என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். பல நாள் இழுத்தடித்து, அந்த வரியை மூன்றாவது வரியாக நகர்த்தி ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது வரி ஏழாவது பக்கத்தைவிடப் பரவாயில்லை.

அக்காவின் கால் கடைசியில் ஆறியது. எங்கள் புரதத்தால் இல்லை. தினமும் கட்டு மாற்றி, இன்சுலின் போட்டு, பாதி பாதத்துக்கென்று செய்த செருப்பைப் போட்டு, ஆறு மாதத்தில் மூடியது. மருத்துவர்தான் எனக்குச் சொன்னார். புழு வளர்ப்பதையும் விடவில்லையாம். நான் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டேன். வீட்டுக்காரர் எடுத்தார். "அவிய பேச மாட்டேங்கறாங்க அம்மிணி. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு என்மேல் கோபம் தீர வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது மைசூரிலேயே வேறொரு மருத்துவமனையில், இதே மாதிரி வேலைதான் செய்கிறேன். சதை வாங்கும் முன் வார்டுக்குப் போவது நான்தான். கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பேசுகிறேன் என்று ஒரு புகார் உண்டு. போன வாரம் குண்டலுபேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர், நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு கேட்டார்: "அப்ப இதுல எனக்கு என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அய்யா. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

அவர் யோசித்தார். கதவருகே என் புது மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப வேண்டாம்," என்றார் பெரியவர்.

"சரிங்கய்யா," என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். மேலாளர் வழி முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்றார். பக்குவமாகச் சொல்வது எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதைத்தான் இனிமேல் செய்ய மாட்டேன் என்று படிக்கட்டில் நின்று அவரிடம் சொன்னேன்.